மிளகாய் இருமல்

அம்மியைக் கழுவுவது சிவகாமசுந்தரியின் வேலை. அதை வேறு யாரும் தொட விடமாட்டாள். காலை ஆறு மணிக்குக் கிணற்றுத் தண்ணீர் ரெண்டு வாளி, தேங்காய் நார் ஒரு பிடி. முதலில் கல்லின் நடுக்குழிவு, அப்புறம் ஓரங்கள், கடைசியில் குழவி. நேற்றைய மிளகாய் ஒரு பொட்டு தங்கியிருந்தாலும் இன்றைய சீரகத்தில் ஏறிவிடும். சீரகத்தில் காரம் ஏறினால் ரசம் வைத்தவள் சண்டைக்கு வந்து நிற்பாள். "நேத்து உன் சீரகம் எங்க வூட்டுக்காரர அழவெச்சிருச்சுடி" என்று எப்போதோ ஒருத்தி சொன்னது அவளுக்குப் பத்து வருஷமாகியும் மறக்கவில்லை.

காஜா பெராங் வட்டாரத்தில் பாதி வீடுகளின் கறி அவளுடைய கல்லில்தான் தொடங்கியது. கசகசா, சீரகம், மல்லி, மஞ்சள் என்று வரிசையாக அரைத்து, மிளகாயைக் கடைசியில் போடுவாள். ஒவ்வொன்றையும் உருட்டி வாழையிலை மேல் வைத்தால், தட்டு கோலம் போட்ட மாதிரி இருக்கும். ஏழு மணிக்கு மங்குத் தட்டும் கிண்ணமுமாகப் பெண்கள் வந்துவிடுவார்கள். என்ன கறி என்று அவள் யாரையும் கேட்டதில்லை. வந்தவள் முகத்தைப் பார்த்தே கை அளவு போடும். மலாய் வீடுகளுக்கு மிளகாய் கூட, செட்டி வீடுகளுக்கு மல்லி கூட. சீன வீட்டு நோன்யா ஒருத்தி மட்டும் பெலாச்சான் என்ற இறால் விழுதைக் கையோடு கொண்டுவந்து, சேர்த்து அரைத்துத் தரச் சொல்வாள். "கருவாட்டு நாத்தத்த என் கல்லுல வெக்காத தாயி, உனக்குத் தனிக் கல்லு வாங்கித் தரேன்" என்று தமிழிலேயே சொல்வாள் சிவகாமசுந்தரி. நோன்யாவுக்கு ஒரு சொல்லும் புரியாது. இருவரும் சிரித்துக்கொள்வார்கள்.

மிளகாய் கல்லில் ஏறும் நேரத்தில் அந்த வரிசையே இருமும். தபால்காரர் இரண்டு வீடு தள்ளி நின்று பெயரைக் கூப்பிடுவார். ரொட்டிக்காரன் மூக்கைப் பொத்திக்கொண்டு சைக்கிளை மிதிப்பான். எல்லாரையும்விட அதிகம் இருமுகிறவள் சிவகாமசுந்தரிதான். அதை யாரும் கவனித்ததில்லை. இட்லிக்காரி கையில் மாவு ஒட்டியிருப்பதுபோல மிளகாய்க்காரிக்கு இருமல், அவ்வளவுதான். அவளுடைய கணவர் அப்பாசாமி, முனிசிபல் தண்ணீர்க் குழாய் வேலைக்காரர், பேச்சு குறைந்த மனிதர். அவரே விருந்தாளிகளிடம், "அது ஒண்ணுமில்லீங்க, மிளகாய் இருமல்" என்று சொல்லிவிடுவார். அந்தப் பெயர் தெருவில் நிலைத்துப்போனது.

மெர்டேக்கா என்ற சுதந்திரம் வந்து நாலாவது வருஷம் எக்ஸ்ரே வண்டி வந்தது.

கோயிலுக்குப் பக்கத்துத் திடலில் வெள்ளை லோரி ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தி, பக்கத்தில் ஒரு கூடாரமும் அடித்தார்கள். ஆஸ்பத்திரி டிரெசர் கருணாகரன் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு தெருத் தெருவாகப் போனார். முப்பது வயது, ஒல்லி உடம்பு, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. மலாயிலும் தமிழிலும் நன்றாகப் பேசினார். ஹொக்கியன் சீனத்தில் அவர் பேசியதைக் கேட்டுச் சீனப் பிள்ளைகள் பின்னாலேயே ஓடின.

"நெஞ்சைப் படம் பிடிக்கிறோம். வலிக்காது. காசு வேண்டாம். நாலு நாள்தான் இருப்போம்."

எந்த நோய்க்காக என்று அவர் சொன்னார். தெரு சொல்லவில்லை. அங்கே அதற்குப் பெயர் 'அந்த இருமல்'. ஒரு வீட்டில் அந்த இருமல் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் அந்த வீட்டுப் பெண்ணைக் கேட்டு யாரும் வரமாட்டார்கள். அங்கே தண்ணீர் வாங்கிக் குடிக்கமாட்டார்கள். அதனால் படம் பிடித்துப் பார்க்காத வரைக்கும் யாருக்கும் நோய் இல்லை என்பது காஜா பெராங்கின் முடிவு.

முதல் நாள் ஆண்கள் போனார்கள். நண்பர்களோடு சேர்ந்து போகும்போது பயம் வெளியே தெரியாது. அப்பாசாமியும் வேலைக்குப் போகிற வழியில் போய் நின்றுவிட்டு வந்தார். "மூச்சை இழுன்னான், இழுத்தேன். விடுன்னான், விட்டேன். இதுக்கா இவ்வளவு பெரிய வண்டி?" என்றார்.

பெண்களில் முதலில் போனவள் பக்கத்து வீட்டுப் பாக்கியலட்சுமி. புது விஷயம் எதுவானாலும் முதலில் அவள் பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும். போன வேகத்தில் திரும்பி வந்தாள். முகமெல்லாம் சிவந்திருந்தது.

"என்னாடி, படம் நல்லா வந்துச்சா?" என்று கேட்டாள் சிவகாமசுந்தரி.

"படமா? தாலியக் கழட்டி வெச்சிட்டு வான்னு சொல்றான்! எம்புருசன் குத்துக்கல்லாட்டம் லோரி ஓட்டிக்கிட்டு இருக்காரு. பட்டப்பகல்ல தாலியக் கழட்டணுமாம்!"

"எதுக்காம்?"

"தங்கம் படத்துல குறுக்க விழுமாம். வுழட்டுமே! எந்தாலி எங்கிட்ட இருக்குன்னு படத்துலயும் தெரியட்டும்."

மத்தியானத்துக்குள் செய்தி எல்லா அடுப்படிக்கும் போய்விட்டது. அன்று கூடாரத்தின் பெண்கள் பக்கத்தில் ஒரு பூனை மட்டும் படுத்திருந்தது. சாயங்காலம் கருணாகரன் விசாரித்துக்கொண்டு சிவகாமசுந்தரியின் வீட்டுக்கு வந்தார். எல்லாப் பெண்களும் ஒருவரிடம் வருகிறார்கள் என்றால் அந்த ஒருவரைப் பிடிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"அக்கா, நீங்க ஒரு வார்த்தை சொன்னா வருவாங்க. ஒரு நிமிஷம் கழட்டி, மறுபடி போட்டுக்கறதுதானே?"

"தம்பிக்குக் கல்யாணம் ஆயிருச்சா?"

"இல்லக்கா."

"அதான். அந்த ஒரு நிமிசத்துல அவ புருசன் பசார்ல வழுக்கி வுழுந்தா, ஆயுசுக்கும் நீங்கதான் காரணம். நீங்க லைசென்ஸ் இல்லாம எமன் வேல பாக்கறீங்கன்னு தெரு சொல்லும்."

கருணாகரன் தலையைப் பிடித்துக்கொண்டு மணையில் உட்கார்ந்தார். சிவகாமசுந்தரி மறுநாளைக்கு ஊறவைக்க மஞ்சளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு கிழங்கை எடுத்து முகர்ந்தாள். அதை அவர் முன்னால் நீட்டினாள்.

"இது படத்துல வுழுமா?"

"மஞ்சளா? வுழுந்தாலும் நிழல் மாதிரிதான். முதுகுப் பக்கம் தள்ளிவிட்டா ஒண்ணும் தெரியாது. ஏன்?"

"அடகுக் கடைக்குத் தாலி போனா பொம்பளைங்க வெறுங் கழுத்தோடவா சுத்தறாங்க? நூலுல மஞ்சத்துண்டக் கட்டிக்குவாங்க. அதுவும் தாலிதான். சாமிக்கும் தெரியும், புருசனுக்கும் தெரியும். மொதல்ல மஞ்சளக் கட்டிட்டு அப்புறந்தான் தங்கத்த எடுக்கணும். கழுத்து ஒரு நொடிகூட வெறுமையா இருக்கக் கூடாது. நாளைக்கு நான் வந்து ஒக்காரறேன்."

மறுநாள் எட்டு மணிக்கெல்லாம் அரைப்பை முடித்துக்கொண்டு கூடாரத்துக்குப் போனாள். மஞ்சளில் நனைத்த நூல் ஒரு கற்றை, விரல் கணு அளவு நறுக்கிய மஞ்சள் ஒரு தட்டு. பாக்கியலட்சுமியைத்தான் முதலில் இழுத்து வந்தாள். புது நூலைக் கட்டி, முடிச்சைக் கண்ணில் ஒற்றி, அதன் பிறகு தங்கத்தைக் கழற்றி அவள் கையிலேயே கொடுத்தாள். பாக்கியலட்சுமி முந்தானையில் முடிந்துகொண்டு உள்ளே போனாள். வெளியே வந்ததும் சொன்னாள்: "அந்தப் பலகை ஐஸாட்டம் சில்லுனு இருக்கு. வேற ஒண்ணுமில்ல."

அது போதுமாயிருந்தது. பத்து மணிக்கு வரிசை கோயில் மதில் வரை நீண்டது. கழற்றிய தாலியைக் கையில் எடைபார்த்து, "ஏண்டி, ஒன்னுது இவ்வளவு லேசு? புருசன் சொரண்டிட்டானா?" என்று ஒருத்தி கேட்க, "ஒம்புருசன் கனமாச் செஞ்சு போட்டுட்டு அடிக்கடி கடன் கேக்கறானே, அது எப்படி?" என்று மற்றவள் திருப்பிக் கொடுத்தாள். ஏற்கெனவே கழுத்தில் மஞ்சள் துண்டோடு இருந்த மூன்று பெண்கள் வெளியே வரவே கூச்சப்பட்டுக்கொண்டிருந்தவர்கள். அன்றைக்கு எல்லார் கழுத்திலும் மஞ்சள் இருந்ததால் அவர்களும் நிமிர்ந்து நின்றார்கள்.

தலைமுறைகளாக மலாயே பேசி, மலாய் உடுப்பே உடுத்தும் செட்டி வீட்டு மீனாச்சிக்கு வேறு சிக்கல். கெபாயா ரவிக்கையை முன்னால் சேர்த்துப் பிடிப்பதே மூன்று குரோசாங் ஊசிகள். தங்க ஊசியைக் கழற்றினால் ரவிக்கை திறந்துகொள்ளும். "அலாமாக், இதுக்கு மஞ்சள் இருக்கா?" என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டாள். சிவகாமசுந்தரி ஊசி நூலை எடுத்து, நிற்கவைத்தே ரவிக்கையைத் தைத்துவிட்டாள். படம் எடுத்து முடிந்ததும் பல்லால் நூலைக் கடித்துப் பிரித்தாள். கூடாரம் முழுக்கச் சிரிப்பு.

மூன்றாம் நாளும் இப்படியே போயிற்று. நாலாம் நாள் மத்தியானம் கணக்குப் பார்த்தால் எழுபத்து மூன்று பெண்கள். கருணாகரன் ஐஸும் தேங்காய்ப்பாலும் போட்ட செண்டோல் ஒரு கிண்ணம் வாங்கி வந்து கொடுத்தார். அவள் ஒரு வாய் குடித்தாள், இருமினாள், மறுபடி இருமினாள்.

வேடிக்கை பார்க்க வந்திருந்த மீனாச்சி அருகில் வந்து உட்கார்ந்தாள்.

"காவ் ஸெண்டிரி?" என்றாள். நீ போனாயா என்று அர்த்தம்.

"எனக்கென்ன மீனாச்சிக்கா? இது மிளகாய் இருமல்."

"நான் பன்னெண்டு வருஷம் உன் சில்லி சாப்பிடு. எனக்கு இருமல் இல்லே."

"சாப்புடறது வேற, அரைக்கறது வேற."

மீனாச்சி விரலை நீட்டி எண்ணினாள். "தீபாவளிக்கு மூணு நாள் நீ அரைக்கலே. நான் பலகாரம் வாங்க வந்து. மூணு நாளும் நீ இருமுது. அங்கே சில்லி எங்கே?"

சிவகாமசுந்தரி செண்டோல் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். உள்ளுக்குள் அவளுக்குத் தெரியாமல் இல்லை. சாயங்காலமானால் உடம்பு காய்வதும், ரவிக்கை தொளதொளவென்று ஆகிவிட்டதும் மிளகாயால் வருவதில்லை. படத்தைப் பார்த்து அவர்கள் ஒன்று சொல்லிவிட்டால், அவள் கையால் அரைத்ததை யார் வாங்குவார்கள்? அந்தக் கல்லை விட்டால் அவளுக்கு வேறு என்ன இருக்கிறது? எழுபத்து மூன்று பேரை உள்ளே அனுப்பும்போதெல்லாம், அடுத்தவள் வந்துவிடுவாள், நமக்கு நேரமிருக்காது என்பதே ஒரு ஆறுதலாக இருந்தது. இப்போது வரிசையில் யாரும் இல்லை.

"ஒனக்கு யாரு கட்டறது?" என்றபடி பக்கத்தில் வந்து நின்றாள் பாக்கியலட்சுமி. தட்டில் கடைசித் துண்டு இருந்தது. அவளே எடுத்து நூலில் கோத்துக் கட்டினாள். முடிச்சைப் போட்டு இழுத்தபோது, "ரொம்ப இறுக்காதடி, மூச்சு இழுக்கச் சொல்வான்" என்றாள் சிவகாமசுந்தரி.

அவள்தான் எழுபத்து நாலாவது.

மூன்று வாரம் கழித்துக் கருணாகரன் ஆஸ்பத்திரிக் கடுதாசியோடு சைக்கிளில் வந்தார். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டுப் பெரிய படம் எடுத்தார்கள், சளியைப் பார்த்தார்கள். மறுபடி ஒருநாள் அவர் வந்து, அப்பாசாமியையும் உட்காரச் சொல்லிவிட்டுச் சொன்னார். வலது பக்கம் மேலே ஒரு இடத்தில் பிடித்திருக்கிறது. அந்த இருமல்தான்.

"செத்துருவனா?" என்று நேராகக் கேட்டாள்.

"இல்லக்கா. அந்தக் காலம் போச்சு. தினம் ஊசி, கை நிறைய மாத்திரை. மாத்திரை ஒன்றரை வருஷம் விடாமச் சாப்பிடணும். நல்லாயிடும்."

"கல்லத் தொடலாமா?"

"சளி சுத்தமாகற வரைக்கும் வேண்டாம். நாலு மாசம் ஆகலாம்."

செத்துவிடமாட்டோம் என்றபோது வராத கண்ணீர் இப்போது வந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

கருணாகரன் போனதும் அப்பாசாமி சொன்னார்: "கேக்கறவங்ககிட்ட மூவாருக்கு, மக வூட்டுக்குப் போயிட்டான்னு சொல்லிடறேன். நாலு மாசம் அங்கியே இரு. பேரு கெட்டா அப்புறம் ஒருத்தியும் படியேற மாட்டா."

"எழுபத்தி மூணு பேருக்குக் கயித்தக் கட்டி உள்ள தள்ளிட்டு, நான் மூவாருக்கு ஓடிட்டேன்னு சொல்லவா? நாளைக்கு அதுல எவளுக்காவது கடுதாசி வந்தா, அவளும் அரிசி டப்பாவுல ஒளிச்சு வெச்சுட்டு மூவாருக்குப் போவா."

மறுநாள் காலையில் வாயை வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டு வாசல் வேலி ஓரம் உட்கார்ந்தாள். மங்கோடு வந்த ஒவ்வொருத்தியிடமும் சொன்னாள். மலாய் வீட்டு அம்மா ஒருத்தி கையைப் பிடிக்க வந்து, பாதியில் நிறுத்திக்கொண்டாள். ரெண்டு பேர் வாசலிலேயே திரும்பினார்கள். நோன்யா மலாயில் ஏதோ நீளமாகத் திட்டினாள். யாரைத் திட்டினாள் என்று தெரியவில்லை. பாக்கியலட்சுமி தன் கிண்ணத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். அடுத்த நாளிலிருந்து பசாருக்குப் போய் மசாலா வாங்கத் தொடங்கினாள். சிவகாமசுந்தரிக்கு ஊசியைவிட அது வலித்தது.

அவள் சொன்ன அன்று சாயங்காலமே இரண்டு பெண்கள் வீட்டுப் பின்பக்கமாக வந்தார்கள். கடுதாசி வந்திருக்கிறது, என்ன செய்வது என்று கேட்டார்கள். "என்ன செய்யறதா? நாளைக்குக் காலையில எங்கூட ஊசிக்கு வாங்க. மூணு பேராப் போனா டாக்டரே பயப்படுவாரு" என்றாள்.

ஒருநாள் காலையில் வந்த மீனாச்சிதான் கேட்டாள்: "நீ தொடாது சரி. அப்போ யார் அரைக்குது?" கேட்டுவிட்டு, வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அப்பாசாமியைப் பார்த்தாள். சிவகாமசுந்தரியும் பார்த்தாள். அவர் தன் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

இருபது வருஷம் குழாய் முறுக்கிய கை. குழவியையும் முறுக்கப் பார்த்தது. முதல் நாள் மல்லி கல்லைத் தாண்டித் தரையில் கிடந்தது. இரண்டாம் நாள் மிளகாய்க் கையோடு கண்ணைத் துடைத்துக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினார். ஜன்னலுக்கு வெளியே, நாலு முழம் தள்ளிப் பலகை போட்டு உட்கார்ந்து, சிவகாமசுந்தரி ஆணை போட்டாள்.

"இழுக்காதீங்க, தள்ளுங்க. இடுப்புல இருந்து தள்ளுங்க. அது குழாயில்ல, தண்ணி வராது."

"வாயக் கட்டியிருந்தும் இவ்வளவு பேசற. கட்டலேன்னா என்ன ஆவேன்?"

"சீரகம் இன்னும் நாலு ஓட்டு ஓட்டணும். சத்தம் சொரசொரன்னு கேக்குது."

அவளுக்குப் பார்க்கவே வேண்டியதில்லை, காதே போதும். மஞ்சள் படிந்த கையோடு வேலைக்குப் போன அப்பாசாமியை, "என்னண்ணே, சடங்கா?" என்று கூட்டாளிகள் கேட்டார்கள். அவர் கவலைப்படவில்லை. ஒரு ஆம்பிளை அம்மியில் அரைக்கிறான் என்ற வேடிக்கையைப் பார்க்கவே தெருவில் கூட்டம் வந்தது. பார்க்க வந்தவள் வெறுங்கையோடு போக வெட்கப்பட்டு மங்குத் தட்டை நீட்டினாள். விட்டுப்போன வீடுகளில் பாதி, ரெண்டு மாசத்துக்குள் திரும்பிவிட்டன. பாக்கியலட்சுமி மட்டும் வரவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போடும்போது, "மாத்திரை சாப்பிட்டியா?" என்று கேட்பாள். அதோடு சரி.

நாலு மாசத்தில் சிவகாமசுந்தரியின் ரவிக்கைகள் மறுபடி இறுகின. மாத்திரை வயிற்றைப் புரட்டியது, ஊசி போட்ட இடம் கல்லாகிப்போனது. அவள் ஒரு நாளும் விட்டதில்லை. மூன்று தடவை சளி சுத்தம் என்று வந்தது. மாத்திரை தொடர வேண்டும், கல்லைத் தொடலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் காலை அடுப்படியில் அவளே உட்கார்ந்து அரைத்தாள். அப்பாசாமி கதவோரம் நின்று, கையை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் தட்டு நிரம்பியபோது பின்வாசல் வழியாக யாரோ உள்ளே வந்தார்கள். பாக்கியலட்சுமி. கையில் கிண்ணம்.

"இன்னிக்கு யாரு அரைச்சது?" என்றாள்.

அப்பாசாமி வாயைத் திறந்தார். அதற்குள் சிவகாமசுந்தரி சொல்லிவிட்டாள்.

"நாந்தான். அவரு தொடல. டாக்டர் கடுதாசி அந்த மாடத்துல இருக்கு. வேணுமின்னா எடுத்துப் பாரு."

பாக்கியலட்சுமி மாடத்தைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள். "எனக்குப் படிக்கத் தெரியுமா என்ன?" என்றாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "வூட்டுல சின்னப் பிள்ளைங்க இருக்குடி. பயந்துட்டேன்" என்றாள்.

"பயப்படாம என்ன செய்வ? நானே பயந்தேன்."

"பசார் மசாலாவுல மண்ணு கடிக்குது. எம்புருசன் சோத்தத் தள்ளி வெக்கறாரு. மீன் கொழம்புக்குப் போடு."

சிவகாமசுந்தரியின் கை தானாக அளந்தது. மல்லி, மஞ்சள், சீரகம், மேலே மிளகாய். கிண்ணத்தை வாங்கிக்கொண்ட பாக்கியலட்சுமி, மிளகாயை விரல் நுனியால் தொட்டுத் தேய்த்துப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா மீனாச்சிக்கா சொன்னாங்க, ஒம்புருசன் அரைச்சது இதவிட மையா இருந்துச்சாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அப்பாசாமியின் முகத்தில், கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷத்தில் அவள் பார்த்திராத ஒரு வெளிச்சம்.

"கேட்டியா? ஊரே சொல்லுது. அப்போ நாளையில இருந்து யாரு அரைக்கறது, நீயா நானா?" என்றார்.

வாசலில் மங்குகள் இடிபடும் சத்தம் கேட்டது. யாரோ "அக்கா" என்றார்கள், வேறு யாரோ மலாயில் "காக்" என்றார்கள். சிவகாமசுந்தரி எழுந்தாள், முந்தானையை இடுப்பில் செருகினாள், இரண்டு கையாலும் தட்டைத் தூக்கிக்கொண்டாள். அவரைத் தாண்டி வாசலுக்குப் போனாள்.